கிளப் கச்சேரி ரத்தானால்: பிரிட்டன் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் உள்ள 100 கிளப்பில் 350 பேர் நிற்கலாம். கிளாஸ்கோவின் கிங் டட்ஸில் 300 பேர். இந்த அளவு அரங்குகளில் நடக்கும் ராக், இண்டி, எலெக்ட்ரானிக் கச்சேரிகள் ரத்தாகும்போது எழும் கேள்விகள் இவை. ஸ்டேடியம் கச்சேரி தவறினால் அடுத்த டூரில் பார்த்துக்கொள்ளலாம். 300 பேர் அரங்கில் பார்க்கத் தவறிய பேண்ட் வளர்ந்துவிட்டால், மறுபடி அந்த மேடைக்கு வராமலே போகலாம். ரசிகர்களின் ஆதங்கம் நியாயமானது என்ற எண்ணத்தோடுதான் இந்தப் பதில்களை எழுதுகிறோம். சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும்; ஸ்காட்லாந்தில் மாறும் இடத்தை அங்கேயே சொல்லியிருக்கிறோம்.

ரத்து என்று மெயில் வந்துவிட்டது. முதலில் எதைச் செய்வது?

ஹோட்டலையும் ரயிலையும் கவனியுங்கள். டிக்கெட் பணத்தைக் கேட்க உங்களுக்கு நாள் இருக்கிறது. ஹோட்டலை இலவசமாக ரத்து செய்யும் கெடு பெரும்பாலும் வந்து சேரும் நாளுக்கு 24 அல்லது 48 மணி நேரம் முன்பே முடிந்துவிடும். முன்தினம் மாலை ரத்துச் செய்தி வந்தால், அடுத்த சில நிமிடங்களில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அடுத்து, மெயிலில் உள்ள சொல்லைக் கவனித்துப் படியுங்கள். ‘ரத்து’, ‘ஒத்திவைப்பு’, ‘இடமாற்றம்’ மூன்றுக்கும் விதி வேறு. பிறகு மெயிலில் இருக்கும் லிங்கைத் தொடாமல், டிக்கெட் விற்ற தளத்தின் ஆப்பையோ இணையதளத்தையோ நீங்களே திறந்து உங்கள் ஆர்டரில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ரத்துச் செய்தி பரவியதும் ‘உங்கள் ரீஃபண்டுக்குக் கார்டு விவரம் தாருங்கள்’ என்று போலி மெயில்கள் வரும். ரீஃபண்ட் நீங்கள் பணம் கட்டிய கார்டுக்கே திரும்பும் என்பதால், உண்மையான விற்பனையாளர் பொதுவாகக் கார்டு எண்ணை மறுபடி கேட்க மாட்டார்.

கடைசியாக மூன்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: பேண்ட் வெளியிட்ட அறிவிப்பு, அரங்கின் நிகழ்ச்சிப் பக்கம், உங்கள் ஆர்டர். அரங்குகள் ரத்தான நிகழ்ச்சியின் பக்கத்தைச் சீக்கிரமே நீக்கிவிடுகின்றன. பின்னால் வங்கியோடு வாதாட வேண்டி வந்தால் அந்தப் பக்கம்தான் சாட்சி. காகித டிக்கெட் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். சில விற்பனையாளர்கள் அதைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள்.

எவ்வளவு பணம் திரும்ப வரும்?

டிக்கெட்டின் முகமதிப்பு, அதாவது கட்டணங்கள் சேராத டிக்கெட் விலை, வந்தாக வேண்டும். டிக்கெட் முகவர்களின் சங்கமான ‘ஸ்டார்’ தன் உறுப்பினர்களுக்கு வைத்திருக்கும் நடத்தை விதியும் இதையே சொல்கிறது. சிக்கல் எல்லாம் அதற்கு மேல் கட்டிய கட்டணங்களில்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். டிக்கெட் 25 பவுண்டு, முன்பதிவுக் கட்டணம் 3 பவுண்டு, ஆர்டருக்கான கட்டணம் 1.50. மொத்தம் 29.50. சில தளங்கள் 25 மட்டும் தரும். சில தளங்கள் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வாங்கிய 3 பவுண்டையும் சேர்த்து 28 தரும். ஆர்டர் கட்டணமும் தபால் செலவும் திரும்புவது அரிது. வாங்கும்போது ஏற்றுக்கொண்ட விதிமுறையில் இது எழுதியிருக்கும். அந்தப் பகுதியை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.

விதிமுறையில் எழுதிவிட்டால் அதோடு முடிந்தது என்று விட வேண்டியதில்லை. எந்தச் சேவையும் கிடைக்காத நுகர்வோருக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்பது, 2020 ஏப்ரலில் கொரோனா ரத்துகளின்போது பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் வெளியிட்ட நிலைப்பாடு. நியாயமற்ற ஒப்பந்த விதி நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. இந்த இரண்டையும் குறிப்பிட்டு எழுதிக் கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

‘இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பித் தரலாமே’ என்று பலர் கேட்கிறார்கள். குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு அந்த 14 நாள் உரிமை கிடையாது. 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகளிலேயே அவற்றுக்கு விலக்கு உண்டு.

டிக்கெட் வாங்கியது நண்பர். பணம் எனக்கு வருமா?

வராது. வாங்கியவரின் கார்டுக்குத்தான் போகும். நீங்கள் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய பிறகு கார்டு காலாவதியாகிப் புதியது வந்திருந்தாலும், கணக்கு அதே வங்கியில் இருந்தால் பணம் வந்து சேர்ந்துவிடும். கணக்கையே மூடியிருந்தால் விற்பனையாளரிடம் உடனே சொல்லுங்கள். ரீஃபண்ட் அனுப்பிய பிறகு சொன்னால் பழைய வங்கி, விற்பனையாளர் என்று இரண்டு பக்கமும் அலைய வேண்டியிருக்கும்.

ரத்து இல்லையாம், ஒத்திவைப்பாம். புதிய தேதியில் என்னால் போக முடியாது.

புதிய தேதி அறிவித்ததும், போக முடியாதவர்கள் ரீஃபண்ட் கேட்கலாம். ஆனால் ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய தேதிக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்; மெயில் ஸ்பேமில் போய்க் கிடக்கும்.

இதைவிடத் தொல்லை தருவது தேதியே சொல்லாத ஒத்திவைப்பு. ‘புதிய தேதி விரைவில்’ என்று போட்டுவிட்டு மாதக்கணக்கில் பேச்சே இருக்காது. ரத்து என்று அறிவிக்காததால் ரீஃபண்ட் பொத்தானும் திறக்காது. அதற்குள் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்கும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். பழைய தேதி கடந்த உடனே விற்பனையாளருக்கு எழுத்தில் கேளுங்கள்: ‘நான் டிக்கெட் வாங்கிய தேதியில் நிகழ்ச்சி நடக்கவில்லை, எனக்குப் பணம் வேண்டும்.’ தேதி குறிக்காத ஒத்திவைப்பை ரசிகர்கள் ரத்தாகவே எடுத்துக்கொண்டு நடவடிக்கையைத் தொடங்குவது நல்லது.

இடம் மாறினால்? முன்னால் வாசிக்க வேண்டிய பேண்ட் வராவிட்டால்?

அதே ஊரில் வேறு அரங்குக்கு மாறினால் பழைய டிக்கெட் பெரும்பாலும் செல்லும். வேறு ஊர், வயது வரம்பு மாற்றம், சக்கர நாற்காலி போக வழியில்லாத அரங்கு என்றால் அது பெரிய மாற்றம், ரீஃபண்ட் கேட்கலாம். துணை பேண்ட் வராததற்கு மட்டும் பணம் கிடைக்காது. நீங்கள் அந்தத் துணை பேண்டுக்காகவே வாங்கியிருந்தாலும் இதுதான் நிலை.

மறுவிற்பனையில் வாங்கினேன்.

முகமதிப்புக்கு மேல் போகாத ட்விக்கெட்ஸ் போன்ற தளத்திலோ, டிக்கெட் விற்ற நிறுவனத்தின் சொந்த மறுவிற்பனைப் பக்கத்திலோ வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் விதிப்படி கேளுங்கள். லாபத்துக்கு விற்கும் தளங்கள் பலவற்றில் ரத்துக்குப் பணம் தருவார்கள், ஒத்திவைப்புக்குத் தர மாட்டார்கள். சமூக ஊடகத்தில் முகம் தெரியாதவரிடம் வாங்கியிருந்தால் நிலைமை மோசம். ரீஃபண்ட் முதலில் வாங்கியவரின் கார்டுக்குப் போய்விடும்; அவர் மனம் வைத்தால்தான் உங்களுக்குத் திரும்பும். அவரோடு பேசிய மெசேஜ்களை அழிக்காதீர்கள்.

பல வாரங்கள் ஆகியும் பணம் வரவில்லை. என்ன வழி?

முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார். ஆர்டர் எண், நிகழ்ச்சியின் தேதி, ரத்து அறிவித்த தேதி, கேட்கும் தொகை, பதில் தர 14 நாள் கெடு. இவ்வளவு போதும். தளத்தின் சாட்டில் பேசினால் அந்த உரையாடலைச் சேமியுங்கள். விற்பனையாளர் ஸ்டார் உறுப்பினர் என்றால் அடுத்து அந்தச் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம்.

அதிலும் வரவில்லை என்றால் வங்கி. இங்கே இரண்டு வழிகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கிரெடிட் கார்டுக்கு மட்டும். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலாகவும், 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இந்த 100 பவுண்டு ஒரு டிக்கெட்டின் விலை. 30 பவுண்டு டிக்கெட் நான்கு வாங்கி மொத்தம் 120 ஆனாலும் பிரிவு 75 பொதுவாக உதவாது. போதாததற்கு, டிக்கெட் தளம் வெறும் முகவர்தான், ஒப்பந்தம் நிகழ்ச்சி ஏற்பாட்டாளரோடு என்று சொல்லியும் வங்கி மறுக்கலாம். கிளப் டிக்கெட் வாங்கியவர்கள் இந்தப் பிரிவை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உங்களுக்கு உதவக்கூடியது சார்ஜ்பேக். டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு இரண்டுக்கும் உண்டு. 100 பவுண்டு என்ற தடையும் இல்லை. இது சட்டம் அல்ல; விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் உள்விதி. நிகழ்ச்சி நடந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து பொதுவாக 120 நாள் கெடு. வங்கியிடம் ‘பணம் கட்டிய சேவை வழங்கப்படவில்லை’ என்று சொல்லி, முன்பு எடுத்த ஸ்க்ரீன்ஷாட்களையும் புகாரையும் கொடுங்கள். ‘டிக்கெட் பிடிக்கவில்லை’, ‘போக முடியவில்லை’ என்று காரணம் எழுதினால் வங்கி தள்ளிவிடும். பணத்துக்குப் பதில் விற்பனையாளர் தரும் வவுச்சரை ஏற்றுக்கொண்டிருந்தாலும் சார்ஜ்பேக் தோற்கும். அதனால் வவுச்சர் வேண்டாம் என்றால் ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்தாதீர்கள்.

வங்கி மறுத்தாலோ, புகார் கொடுத்து 8 வாரம் ஆகியும் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் கடிதம் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

சிறு தொகைகளுக்கான நீதிமன்ற வழக்கு கடைசி வழி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை இந்த முறையில் கேட்கலாம். ஸ்காட்லாந்தின் எளிய நடைமுறையில் வரம்பு 5,000. இங்கிலாந்தில் 300 பவுண்டு வரையான வழக்குக்குக் கட்டணம் 35 பவுண்டு. ஜெயித்தால் அதுவும் திரும்பும். ஆனாலும் ஒற்றை 25 பவுண்டு டிக்கெட்டுக்காகப் போவது வீண்; நாலைந்து டிக்கெட்டை ஒருவரே வாங்கியிருந்தால் யோசிக்கலாம். போகும் முன் நிறுவனங்களின் அரசுப் பதிவேடான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் அந்த நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள், தேடுவது இலவசம். திவாலான நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டால் அந்த 35 பவுண்டும் சேர்ந்து போகும்.

ரயில், ஹோட்டல் செலவை பேண்ட் தருமா?

தராது. டிக்கெட் விதிமுறைகள் பெரும்பாலானவற்றில் பயணச் செலவுக்குப் பொறுப்பில்லை என்று இருக்கும். சாதாரணப் பயணக் காப்பீடும் கச்சேரி ரத்தைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

ரயிலில், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் ‘அட்வான்ஸ்’ டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. ஆனால் ரயில் புறப்படும் முன் வேறு நாளுக்கு மாற்றலாம். மாற்றுக் கட்டணம் 10 பவுண்டு வரை, அதோடு விலை வித்தியாசம். ‘ஆஃப்-பீக்’ (நெரிசல் இல்லாத நேரத்துக்கானது), ‘எனிடைம்’ (எந்த நேரத்துக்கும் செல்வது) டிக்கெட்டுகளைச் சிறு கட்டணம் போகத் திருப்பலாம், பயண நாளுக்கு முன்தினமே கேட்டுவிட வேண்டும். கிளப் கச்சேரிக்கு வெளியூர் போகிறவர்கள் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது எடுப்பது நல்லது.

மீட் அண்ட் கிரீட் (பேண்டை நேரில் சந்திக்கும்) பேக்கேஜும், டிக்கெட் பாதுகாப்பும் வாங்கியிருந்தேன்.

பேக்கேஜைப் பல நேரம் வேறொரு நிறுவனம் விற்கும். டிக்கெட் பணம் தானாக வந்தாலும் பேக்கேஜ் பணத்தைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கலாம். டிக்கெட் பாதுகாப்பு என்பது உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் உதவும் காப்பீடு; ரத்தான கச்சேரிக்கு அதன் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. பொது விற்பனைக்கு முன்பே டிக்கெட் வாங்க உதவும் முன்விற்பனைக் குறியீட்டுக்காக வாங்கிய ஆல்பத்தின் பணமும் திரும்பாது.

இவ்வளவு ரசிகர்கள் காத்திருக்கும்போது ஏன் ரத்து செய்கிறார்கள்?

பணத்தை எண்ணிப் பார்த்தால் புரியும். எடுத்துக்காட்டாக 300 பேர் அரங்கு, டிக்கெட் 20 பவுண்டு, முழுவதும் விற்றுவிட்டது. வசூல் 6,000. அதில் 20% வாட் வரி உள்ளடக்கம். 1,000 போய் 5,000 மிச்சம். பாடல் உரிமைக்கு பிஆர்எஸ் அமைப்பு 4.2% எடுக்கும்: 210. மீதி 4,790. அரங்க வாடகை, ஒலிப்பொறியாளர், வாசல் காவலர்கள், விளம்பரம், பேண்டுக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,500 என்று வைத்தால் 3,290. இதில் 80% பேண்டுக்கு என்பது வழக்கமான பங்கீடு: 2,632. முன்பதிவு ஏஜென்ட் 10%, மேனேஜர் 20% எடுத்தால் சுமார் 1,840 கையில் நிற்கும். நான்கு இசைக்கலைஞர்கள், ஓட்டுநர், வேன் வாடகை, டீசல், மூன்று ஹோட்டல் அறை எல்லாம் இதிலிருந்துதான்.

அதே அரங்கில் 120 டிக்கெட் மட்டும் விற்றால்? வசூல் 2,400, வரி போய் 2,000, பிஆர்எஸ் போய் 1,916, செலவு போய் 416. பேண்டின் 80% பங்கு 333 பவுண்டு. அந்த இரவின் வேனுக்கும் அறைக்குமே அது போதாது. பேண்டுக்கு நிலையான தொகை உறுதியளித்திருந்தால் நஷ்டம் ஏற்பாட்டாளர் தலையில் விழும்; அப்போது ரத்து செய்ய விரும்புவது அவராக இருப்பார்.

கடல் கடந்து வரும் பேண்டுகளுக்கு நாணய மதிப்பும் சேரும். 2022 செப்டம்பர் 26 அன்று பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது. பவுண்டில் சம்பாதித்து, விமானத்துக்கும் சரக்குக்கும் டாலரில் கட்டும் அமெரிக்க பேண்டுக்கு அது நேரடி அடி. அந்த அக்டோபரில் அமெரிக்க பேண்டான அனிமல் கலெக்டிவ் தன் பிரிட்டன், ஐரோப்பா டூரை ரத்து செய்தபோது விலைவாசி, நாணயச் சரிவு, வீங்கிப்போன போக்குவரத்துச் செலவு ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னது. ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனால் காரணத்தை மறைக்காமல் சொன்னதை நாங்கள் மதிக்கிறோம்.

உடல்நலம் இன்னொரு பெரிய காரணம். பாடகரின் தொண்டை கட்டிக்கொண்டால் நான்கு பேர் பேண்டில் மாற்று ஆள் கிடையாது. கட்டிய தொண்டையோடு பாடினால் குரல்நாண் கெட்டு, ஒரு இரவுக்குப் பதில் டூர் முழுக்கப் போய்விடலாம். பெரிய நட்சத்திரங்கள் வரத் தவறினால் நஷ்டத்தைக் காப்பீடு ஈடுகட்டும். கிளப் அளவு பேண்டுகளுக்கு அந்தக் காப்பீடு கட்டுப்படியாகாது.

அரங்கே மூடுவதும் உண்டு. சிறு இசை அரங்குகளுக்கான அமைப்பான ம்யூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்கின்படி 2023-இல் மட்டும் பிரிட்டனில் 125 சிறு அரங்குகள் மூடின அல்லது நேரடி இசையை நிறுத்தின. அந்த ஆண்டு இத்தகைய அரங்குகளின் சராசரி லாபம் வருமானத்தில் 0.5%.

‘எதிர்பாராத காரணங்கள்’ என்று மட்டும் போட்டால் என்ன அர்த்தம்?

ஒரு இரவு மட்டும் ரத்தாகி அடுத்த ஊர் நடந்தால் உடல்நலமோ, அரங்கின் கோளாறோ. டூர் முழுக்க இரண்டு மாதம் முன்பே போனால் டிக்கெட் விற்கவில்லை அல்லது கணக்கு உதைத்தது. சில தேதிகள் மட்டும் போய், அதே வாரம் பெரிய விழாவிலோ பெரிய பேண்டின் டூரிலோ அவர்கள் பெயர் வந்தால் அந்த வாய்ப்புக்காக விட்டிருக்கலாம். விழா ஒப்பந்தங்களில், சுற்றுவட்டாரத்தில் குறிப்பிட்ட காலம் வேறு கச்சேரி செய்யக்கூடாது என்ற விதி இருப்பதும் உண்டு.

டிக்கெட் விற்கவில்லை என்று ஒப்புக்கொள்ள பேண்டுக்குக் கூச்சம் இருக்கும். அதை உணர முடிகிறது. ஆனாலும் லீவு போட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, ரயில் பிடிக்க இருந்தவருக்கு மூன்று வரி உண்மை தரப்பட வேண்டும்: ஏன், பணம் எப்போது, மறுபடி வருவீர்களா. நோய் விவரம் கேட்க ரசிகருக்கு உரிமையில்லை. இந்த மூன்றைக் கேட்க உரிமை உண்டு.

கோபத்தை யாரிடம் காட்டுவது?

அரங்கின் வாசலில் நிற்பவரிடமோ பாரில் இருப்பவரிடமோ வேண்டாம். ரத்து முடிவில் அவர்களுக்குப் பங்கு இல்லை. கிளப்புக்குப் பாரில்தான் வருமானம். கச்சேரி இல்லாத இரவில் அது போகும், அன்று ஷிஃப்டுக்கு வர இருந்தவர்களின் சம்பளமும் போகலாம். பணம் பற்றி விற்பனையாளருக்கு எழுதுங்கள். தாமதமான அறிவிப்பைப் பற்றி ஏற்பாட்டாளருக்கு எழுதுங்கள். அவர் பெயர் பெரும்பாலும் டிக்கெட்டிலேயே இருக்கும். பேண்டுக்கு எழுதுவதாக இருந்தால் மேனேஜர் முகவரிக்கு எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர் வர இருந்தீர்கள், அடுத்த முறை எந்த ஊர் வசதி என்று எழுதினால் அடுத்த டூர் திட்டமிடும்போது அது பயன்படும். தனிப்பட்ட வசைக்கு அங்கே படிக்க ஆளில்லை.

ரத்தாகாமல் இருக்க ரசிகர் ஏதாவது செய்ய முடியுமா?

போவது உறுதி என்றால் சீக்கிரம் வாங்குங்கள். கச்சேரிக்கு ஒரு மாதம், ஆறு வாரம் இருக்கும்போதே விற்பனையைப் பார்த்துத்தான் ஏற்பாட்டாளரும் ஏஜென்ட்டும் நடத்துவதா, சின்ன அரங்குக்கு மாற்றுவதா, விடுவதா என்று பேசுவார்கள். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கும் 60 பேர் அந்தப் பேச்சின்போது அவர்கள் கணக்கில் இருப்பதில்லை. மேலே சொன்ன 120 டிக்கெட் கணக்கில் இந்த 60-ஐச் சேர்த்தால் வசூல் 3,600. வரி, பிஆர்எஸ், அதே 1,500 செலவு எல்லாம் போக 1,374 மிஞ்சும்; பேண்டின் பங்கு 333-லிருந்து சுமார் 1,100 பவுண்டாக உயரும். வேன், டீசல், அறை மூன்றும் அதில் அடங்கிவிடும்.